பச்சைக் குளமும் பத்தாம் வகுப்பு வேதியியலும்

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவன் மூன்று நாளாக வரவில்லை. மழைக்காலக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். நான்காம் நாள் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. ஒவ்வொரு நிமிடமும் இருமினான்.

“என்னப்பா, காய்ச்சலா?”

“இல்ல டீச்சர். பூல் கிளீன் பண்றப்போ புகை அடிச்சிடுச்சு.”

எங்கள் பள்ளி சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறது. சாலையின் கடல் பக்கம் முழுவதும் விடுமுறை வீடுகள். பெரும்பாலானவற்றில் சிறிய நீச்சல் குளம் உண்டு. அவற்றைப் பராமரிக்கும் காவலாளிகள், தோட்டக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லாருமே நம் மாணவர்களின் பெற்றோர்தான். இவனுடைய அப்பாவும் அப்படி ஒரு வீட்டில் காவலாளி. குளத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. மழையில் குளம் பச்சையாகிவிட, மூன்று நாளாக மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைத் தெளியவைக்கப் போராடியிருக்கிறார். பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் கொஞ்சம் கரைசல் மிச்சம் இருந்திருக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று அதே வாளியில் ஆசிட்டையும் ஊற்றியிருக்கிறார். வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் மகன். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஏதோ பொங்கி வந்ததாகச் சொன்னான்.

தலைமையாசிரியரிடம் சொல்லி, அவனை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இன்னும் சில மூச்சு கூடுதலாக இழுத்திருந்தால் கதையே வேறு என்றார்.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்ற ஆண்டு இதே மாணவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் நான்தான் அறிவியல் எடுத்தேன். சலவைத்தூளுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் கால்சியம் குளோரைடும் நீரும் குளோரின் வாயுவும் கிடைக்கும் என்ற சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதியவள் நான். அவன் அதை நோட்டில் எழுதியிருக்கிறான். தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறான். சலவைத்தூள் என்று புத்தகம் சொல்வதுதான் அப்பா மூட்டையில் வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடர் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

அந்தக் குளத்தை எப்படித் தெளியவைத்தோம், அதிலிருந்து எத்தனை பாடங்கள் கிடைத்தன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். நீச்சல் குளம் உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். தொட்டித் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் இல்லாத பள்ளி கிடையாது.

குளம் ஏன் பச்சையாகிறது?

அன்று மாலை உடற்கல்வி ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். குளம் பட்டாணிக் கூழ் போலக் கெட்டிப் பச்சையாக இருந்தது. முழங்கால் ஆழத்தில் இருந்த படிக்கட்டே கண்ணுக்குத் தெரியவில்லை.

“நானும் மூணு நாளா மருந்து போடுறேன் டீச்சர். காலைல போட்டா சாயங்காலம் மறுபடியும் பச்சையா நிக்குது. சனிக்கிழமை ஓனர் வீட்ல கெஸ்ட் வராங்க” என்றார் அப்பா. தவறு செய்துவிட்டோமே என்ற கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் அதைப் பற்றிப் பேசவில்லை. “என்னென்ன போட்டீங்கண்ணா, எப்போ போட்டீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

பாசி வளர ஒளி வேண்டும், வெப்பம் வேண்டும், நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகள் வேண்டும். நம் ஊரில் முதல் இரண்டும் ஆண்டு முழுவதும் உண்டு. மூன்றாவதை மழை கொண்டுவருகிறது. கூரைத் தூசி, உதிர்ந்த இலை, புல்தரையில் போட்ட உரம் எல்லாம் கரைந்து குளத்தில் சேர்கின்றன. மழைநீர் சேரச் சேர, ஏற்கெனவே இருந்த குளோரினும் நீர்த்துப்போகிறது. இத்தனையும் நடக்கும்போது மின்சாரம் போய் பம்பும் வடிகட்டியும் நின்றுவிட்டால், இரண்டு மூன்று நாளில் குளம் நிறம் மாறிவிடும்.

அப்படியானால் போட்ட மருந்து ஏன் வேலை செய்யவில்லை? இந்தக் கேள்விக்கான விடையில்தான் பி.எச். பாடம் முழுவதும் இருக்கிறது.

பாசி ஒரு தாவரம் போலத்தான் நடந்துகொள்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. அதற்குத் தேவையான கார்பன் டைஆக்சைடை நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடு என்பது கார்பானிக் அமிலம். அமிலம் குறையக் குறைய நீர் காரத்தன்மை அடைகிறது. எனவே பச்சைத் தண்ணீரில் பி.எச். மதிப்பு காலையில் குறைவாகவும் பிற்பகலில் கூடுதலாகவும் இருக்கும். பள்ளியிலிருந்து கொண்டுபோன நிறங்காட்டித் தாளைத் தோய்த்துப் பார்த்தோம். 9ஐ ஒட்டிய நிறம் வந்தது.

இனி குளோரினைப் பார்ப்போம். பிளீச்சிங் பவுடரோ, டப்பாவில் வரும் குளோரின் தூளோ, எதைக் கரைத்தாலும் நீரில் இரண்டு வடிவங்கள் உருவாகின்றன. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். மற்றொன்று ஹைப்போகுளோரைட் அயனி. கிருமியையும் பாசியையும் விரைந்து கொல்வது முதலாவது. மின்சுமை இல்லாததால் அது செல்லின் சவ்வை எளிதில் கடந்து உள்ளே போய்விடும். எதிர்மின்சுமை கொண்ட இரண்டாவதன் ஆற்றல் அதைவிடப் பல மடங்கு குறைவு. எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதை முடிவு செய்வது பி.எச். மதிப்பு. 7.2இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 7.5இல் சரிபாதி. 8.5இல் பத்தில் ஒரு பங்கு. 9இல் நூற்றுக்கு மூன்று, நான்குதான். அதாவது அப்பா போட்ட ஒரு கிலோவில் பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு அவர் மருந்து போட்டது காலை நேரத்தில். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் நீரிலுள்ள குளோரினைச் சிதைத்துவிடும். நல்ல வெயிலில் ஓரிரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். ஆக, பி.எச். ஒரு பக்கம் கையைக் கட்டிப்போட, வெயில் மறுபக்கம் பறித்துக்கொண்டது. “மாலை பச்சையா நிக்குது” என்று அவர் சொன்னதன் காரணம் இதுதான்.

தண்ணீரை மாற்றிவிடலாமே?

உடற்கல்வி ஆசிரியர் இப்படிக் கேட்டார். அப்பாவுக்கும் அந்த எண்ணம் இருந்தது. நான் மாணவனிடம் அளவு கேட்டேன். அவன் காலடியால் அளந்து சொல்லாமல், டேப் எடுத்து வந்து அளந்தான். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர். ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.8 மீட்டர். தரை சீரான சரிவு என்பதால் சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் 44.8 கன மீட்டர். அதாவது 44,800 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏறத்தாழ நான்கு லாரித் தண்ணீர். கோடையில் குடத்துக்காக வரிசையில் நிற்கும் ஊரில் இதைத் திறந்து விடுவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் கடலோர மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும். அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால், கீழிருந்து வரும் நீரின் அழுத்தம் கான்கிரீட் தொட்டியையே மேலே தூக்கி விரிசல் விடச் செய்யலாம். மிதத்தல் விதிக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

தெளியவைத்த வரிசை

பச்சைக் குளத்தைத் தெளியவைப்பதில் எதைப் போடுகிறோம் என்பதைவிட எந்த வரிசையில் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். வேலை எல்லாவற்றையும் அப்பாதான் செய்தார். மருந்துப் பக்கம் மகன் வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். 18 வயது நிறையாதவர்களை அபாயகரமான வேலையில் அமர்த்தக் கூடாது என்பது சட்டம். அதையும் சொன்னேன். மகனுக்குக் கொடுத்த வேலை கணக்கும் சோதனைத் தாளும் மட்டும்.

முதலில் குப்பை. வலையால் இலை, சுள்ளி எல்லாவற்றையும் அள்ளினார். குளோரினுக்குப் பாசிக்கும் இலைக்கும் வேறுபாடு தெரியாது. எந்தக் கரிமப் பொருள் கிடைத்தாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். இலையோடு மருந்து போடுவது இலைக்கு மருந்து போடுவதுதான்.

இரண்டாவது பி.எச். மதிப்பைக் குறைத்தல். அமிலத்தைத் தனி வாளியில், பாதி வாளித் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக ஊற்றி, பம்பு ஓடும்போது குளத்தைச் சுற்றி விட்டார். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று நாம் வகுப்பில் சொல்வதை அங்கே ஒருமுறை உரக்கச் சொன்னேன். சில மணி நேரம் கழித்து அளந்து, மீண்டும் விட்டு, 7.2க்குக் கொண்டுவர மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

மூன்றாவது தேய்த்தல். சுவரில் ஒட்டியிருக்கும் பாசி, வழவழப்பான படலத்துக்குள் பதுங்கியிருக்கும். மேல் அடுக்கை மட்டும் குளோரின் கொல்லும். நீண்ட கைப்பிடித் தூரிகையால் சுவர், மூலை, படிக்கட்டு எல்லாவற்றையும் தேய்த்த பிறகு குளம் முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. “பயப்படாதீங்கண்ணா, ஒளிஞ்சிருந்ததெல்லாம் வெளிய வந்திருக்கு” என்றேன்.

நான்காவதுதான் குளோரின். மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு போட்டார். ஒரு பி.பி.எம். என்பது ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். 44,800 லிட்டருக்கு ஒரு பி.பி.எம். வேண்டுமானால் 44.8 கிராம் குளோரின். சாதாரண நாளில் 1 முதல் 3 பி.பி.எம். போதும். பச்சைக் குளத்துக்கு ஒரே முறையில் 10 பி.பி.எம். என்று முடிவு செய்தோம். அதற்கு 448 கிராம். கையிலிருந்த கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் 65 விழுக்காடு குளோரின் என்று அச்சிட்டிருந்தது. 448ஐ 0.65ஆல் வகுத்து, ஏறத்தாழ 690 கிராம் என்று மாணவன் சொன்னான். அப்பா மகனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இதுவரை அவர் கைப்பிடிக் கணக்கில்தான் போட்டு வந்திருக்கிறார்.

தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் குளத்தில் ஊற்றினார். அந்த வாளிக்கும் அகப்பைக்கும் சிவப்பு நாடா கட்டினோம். அமில வாளிக்கு நாடா இல்லை. இரண்டும் இனி ஒன்றாகாது. இரவு முழுவதும் பம்பு ஓடியது.

பச்சை போனது, பால் வந்தது

சனிக்கிழமை காலை குளம் பச்சையாக இல்லை. மோர் கலந்தது போல வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. பலரும் இந்த இடத்தில்தான் தோற்றுவிட்டதாக நினைத்து மீண்டும் மருந்தைக் கொட்டுகிறார்கள். உண்மையில் இது வெற்றியின் அடையாளம். பாசி செத்துவிட்டது. பிணங்கள்தான் மிதக்கின்றன.

வடிகட்டி ஏன் இதைப் பிடிக்கவில்லை? குளத்து மணல் வடிகட்டி 20 முதல் 40 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களைப் பிடிக்கும். ஒருசெல் பாசிகள் பல, 10 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தானாகப் படியட்டும் என்று காத்திருந்தாலும் நடக்காது. ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள களிமண் துகள் அசையாத நீரில் ஒரு நாளைக்கு 8, 9 சென்டிமீட்டர்தான் இறங்கும். பாசியின் அடர்த்தியோ கிட்டத்தட்ட நீரின் அடர்த்தியேதான். அது இன்னும் மெதுவாக இறங்கும்.

இத்துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சேர்ந்தால்தானே கனமாகிப் படியும்? சேரவிடாமல் தடுப்பது இந்த மின்சுமை. இங்கேதான் படிகாரம் வருகிறது. படிகாரத்திலுள்ள அலுமினிய அயனியின் மூன்று நேர்மின்சுமைகள் அந்த விலக்கத்தைச் சமன் செய்கின்றன. கூடவே அலுமினியம் ஹைட்ராக்சைடு கொழகொழப்பான பஞ்சுபோல உருவாகி, துகள்களை வலையில் அள்ளுவதுபோல் அள்ளிக்கொண்டு கீழே இறங்குகிறது. பி.எச். அதிகமாக இருந்தால் இந்தப் பஞ்சு சரியாக உருவாகாது. அப்பா முதல் நாளே படிகாரம் போட்டுப் பார்த்தும் பலன் இல்லாததற்குக் காரணம் அது. வரிசை மாறினால் நல்ல மருந்தும் வீண்தான்.

நம் பாட்டிமார் கலங்கிய ஆற்றுநீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்தார்கள். முருங்கை விதைப் பொடியும் கலங்கலைத் தெளியவைக்கும். நுண்துகளைத் திரட்டிக் கனமாக்குவது என்ற உத்திதான் அங்கும்.

ஐந்து பாட்டில் சோதனை

எவ்வளவு படிகாரம் போடுவது? இதைக் குடிநீர் நிலையங்களில் ஜாடிச் சோதனை மூலம் கண்டுபிடிப்பார்கள். அதையே நாங்கள் திங்கட்கிழமை வகுப்பில் செய்தோம். உங்கள் பள்ளியிலும் ஒரு பாடவேளையில் செய்யலாம்.

10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் படிகாரம் இருக்கும். ஐந்து பாட்டில்களில் தலா ஒரு லிட்டர் கலங்கல் நீர் எடுங்கள். குளம் இல்லாதவர்கள் வண்டல் மண்ணைக் கலக்கிக்கொள்ளலாம். முதல் பாட்டிலில் எதுவும் சேர்க்க வேண்டாம். மற்றவற்றில் முறையே 1, 2, 3, 4 மில்லிலிட்டர் கரைசல். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பத்து நிமிடம் மிக மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். மெதுவாகக் கலக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பஞ்சு உருவாவதை மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம். பிறகு அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். தெளியாத பாட்டிலில் ஒளிக்கற்றை தெரியும். தெளிந்த பாட்டிலில் தெரியாது. டிண்டால் விளைவை வேறு எப்படி விளக்கினாலும் இவ்வளவு சுலபமாகப் புரிவதில்லை.

எங்கள் குளத்து நீருக்கு 3 மில்லிலிட்டர் போட்ட பாட்டில்தான் நன்றாகத் தெளிந்தது. அதாவது லிட்டருக்கு 30 மில்லிகிராம். 44,800 லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிலோ. “ஒரேயடியா அஞ்சு கிலோ போட்டா சீக்கிரம் தெளியாதா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அளவு மிஞ்சினால் துகள்களின் மேல் நேர்மின்சுமை ஏறி, அவை மறுபடி ஒன்றையொன்று விலக்கத் தொடங்கிவிடும். பி.எச். மதிப்பும் தேவைக்கு மேல் இறங்கிவிடும்.

பாசிக்கும் ஒரு சோதனை உண்டு. பச்சை நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களை வெயிலில் வைத்தோம். ஒன்றைக் கறுப்புத் தாளால் முழுக்கச் சுற்றினோம். திறந்திருந்த பாட்டிலில் காலை 8ஐ ஒட்டியிருந்த பி.எச். பிற்பகல் 9ஐத் தாண்டியது. சுற்றிய பாட்டிலில் ஏறவே இல்லை. ஒளிச்சேர்க்கையை உயிரியல் ஆசிரியரும் பி.எச். பாடத்தை வேதியியல் ஆசிரியரும் தனித்தனியாக நடத்தினாலும், பாட்டிலுக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் நடக்கின்றன. தொட்டிக்கு மூடி போட்டால் ஏன் பாசி பிடிப்பதில்லை என்பதற்கும் இதுவே விடை.

அடி தெரியாத நீர்

திங்கட்கிழமை மாலை அப்பா படிகாரக் கரைசலைச் சுற்றிலும் ஊற்றி, சிறிது நேரம் பம்பை ஓடவிட்டு, பிறகு நிறுத்திவிட்டார். இரவு முழுவதும் நீர் அசையவில்லை. செவ்வாய் காலை நீர் கண்ணாடியாக நிற்க, தரையில் மட்டும் சாம்பல் நிறப் படிவு. அதை உறிஞ்சியை மெல்ல நகர்த்தி, வடிகட்டிக்குள் அனுப்பாமல் நேரே வெளியே எடுக்க வேண்டும். வடிகட்டி வழியாக விட்டால் நுண்துகள் மறுபடி குளத்துக்கே திரும்பிவிடும். இப்படி வெளியேற்றும் நீரை ஏரிக்கோ மீன் இருக்கும் குட்டைக்கோ விடக் கூடாது. குளோரின் மீன்களைக் கொல்லும்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சனிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள் என்றாரே. வியாழன் மாலையே அப்பா வீட்டு உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு வார்த்தை வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். நான் வாங்கிப் பேசினேன். நிறத்தைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ நான் பேசவில்லை. “சார், குளத்தோட அடி தெரியல. ஒரு குழந்தை மூழ்கினா பக்கத்துல நிக்கறவங்களுக்கே தெரியாது” என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அடுத்த வாரம் வரச் சொல்லிக்கிறேன்” என்றார்.

நீச்சல் குளம், கிணறு, ஊர்க்குளம் எதுவானாலும் கலங்கல் நீரின் முதல் ஆபத்து நோய் என்று நாம் நினைக்கிறோம். மூழ்கியவர் கண்ணில் படாமல் போவது அதைவிட விரைவான ஆபத்து. மழைக்கால விடுமுறைக்கு முன் மாணவர்களிடம் சொல்லவேண்டிய ஒரு வரி இது: அடி தெரியாத நீரில் இறங்காதே.

பெட்டிக்குள் இருந்த பாடம்

பம்பு அறையில் ஒரு சோதனைப் பெட்டி இருந்தது. பி.எச். பார்க்க ஒரு திரவம், குளோரின் பார்க்க ஒரு திரவம், ஒப்பிட்டுப் பார்க்க நிற அட்டை. மூடிகூடத் திறக்கப்படவில்லை. குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. “படிக்கத் தெரிஞ்சா செய்ய மாட்டேனா டீச்சர்” என்றார் அப்பா.

மகன் அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதினான். இரண்டு முறை திருத்தினேன். மூன்றாம் முறை திருத்த ஒன்றுமில்லை. அதோடு இந்த எச்சரிக்கைகளையும் சேர்த்து, ஓர் அட்டையில் எழுதிப் பம்பு அறைச் சுவரில் மாட்டினோம்.

அமிலமும் குளோரின் மருந்தும் ஒரே வாளியில், ஒரே அகப்பையில் கூடாது. இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி வேண்டும். இருவேறு குளோரின் தூள்களையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும். தூளைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மருந்து கரைக்கும் இடம் திறந்தவெளியாக இருக்கவேண்டும். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசவேண்டும். வாயு வந்துவிட்டால் வாளியைக் காப்பாற்ற நிற்காமல் காற்றுக்கு எதிர்த்திசையில், மேடான இடத்துக்கு விலகவேண்டும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியானது. பள்ளத்தில் தேங்கும். கண் எரிந்தால் நிறையத் தண்ணீரில் கழுவவேண்டும். இருமலும் மூச்சுத் திணறலும் இருந்தால் 108.

இந்த அட்டையை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நம் பள்ளியின் நினைவு எனக்கு வந்தது. மறுநாள் எங்கள் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கழிப்பறையை எப்படிக் கழுவுகிறார் என்று கேட்டேன். “பிளீச்சிங் பவுடர் தூவி, மேல ஆசிட் ஊத்துவேன் டீச்சர். ரெண்டும் சேந்தா கறை நல்லா போவும். கண்ணுதான் கொஞ்சம் எரியும்” என்றார்.

எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டேன். ஆறு ஆண்டுகளாம். காற்றோட்டமில்லாத, நான்கடிக்கு நான்கடி அறைக்குள். அடுத்த பாடவேளைகளில் நாம் அதே குழந்தைகளை அங்கே அனுப்புகிறோம்.

அன்றே தலைமையாசிரியரிடம் பேசி, அமிலம் திங்கட்கிழமை, பிளீச்சிங் பவுடர் வியாழக்கிழமை என்று பிரித்தோம். ஒன்றைப் போட்டு நன்றாகக் கழுவிவிட்ட பிறகே அடுத்தது. இரண்டையும் தனித்தனி அறையில் வைத்தோம். அட்டையின் இன்னொரு படி இப்போது எங்கள் பள்ளிப் பொருள் அறையில் தொங்குகிறது. அதுவும் அவன் கையெழுத்துதான்.

இந்த ஆண்டிலிருந்து ஜூன் மாதத்திலேயே ஒரு கேள்வி கேட்கிறேன்: வீட்டில் என்ன வேலை செய்கிறார்கள், அதில் என்னென்ன பொருள்களைக் கையாளுகிறார்கள்? சாயம், பூச்சிமருந்து, பேட்டரி அமிலம், சுண்ணாம்பு என்று பட்டியல் வருகிறது. பாடத்தில் அந்தப் பொருள் வரும்போது, புத்தகப் பெயரோடு வீட்டுப் பெயரையும் கரும்பலகையில் எழுதுகிறேன். சலவைத்தூள் என்று எழுதி, பக்கத்தில் பிளீச்சிங் பவுடர். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதி, பக்கத்தில் கழிப்பறை ஆசிட். அரை நிமிட வேலைதான்.

அந்த மாணவன் அதன் பிறகு மழைக்காக ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. அப்பா வாரம் இருமுறை தானே பி.எச். பார்க்கிறார். போன மாதம் சாலையில் பார்த்தபோது வண்டியை நிறுத்திச் சொன்னார்: “ஏழரைல நிக்குது டீச்சர்.”